16 வயது வரை சோஷியல் மீடியா தடை: தேவனாம்பட்டினத்துப் பிள்ளையை அது காப்பாற்றுமா?

2025 டிசம்பர் 10-ம் தேதி ஆஸ்திரேலியாவில் ஒரு சட்டம் அமலுக்கு வந்தது. 16 வயதுக்குக் கீழே உள்ள யாரும் இன்ஸ்டாகிராம், டிக்டாக், ஸ்னாப்சாட், யூடியூப் போன்ற தளங்களில் கணக்கு வைத்திருக்கக் கூடாது. மீறினால் பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தண்டனை கிடையாது. கம்பெனிக்குத்தான் அபராதம், அதிகபட்சம் 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர்.

அதே மாதத்தில் மதுரையிலும் இந்தப் பேச்சு வந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் 2018-ல் தாக்கலான ஒரு பொதுநல வழக்கு. குழந்தைகள் கண்ணில் ஆபாசம் படாமலிருக்க, இன்டர்நெட் கம்பெனிகளே பெற்றோருக்கான கட்டுப்பாட்டு வசதியைத் தர வேண்டும் என்பது கோரிக்கை. அதை விசாரித்த நீதிபதிகள் ஜி.ஜெயச்சந்திரன், கே.கே.ராமகிருஷ்ணன் அமர்வு, ஆஸ்திரேலியாவைப் போல ஒரு சட்டம் கொண்டுவருவதை மத்திய அரசு பரிசீலிக்கலாம் என்றது. அதுவரை விழிப்புணர்வுப் பிரசாரத்தைக் குழந்தைகள் உரிமை ஆணையங்கள் தீவிரப்படுத்தட்டும் என்றும் சொன்னது. கவனிக்க, இது ஆலோசனைதான், உத்தரவு இல்லை. 13 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குத் தடை கேட்ட இன்னொரு மனுவை, 'இது கொள்கை முடிவு, நாடாளுமன்றத்திடம் கேளுங்கள்' என்ற ரீதியில் 2025 ஏப்ரலிலேயே உச்ச நீதிமன்றம் திருப்பி அனுப்பிவிட்டது.

செய்தி வந்த அன்று குடும்ப வாட்ஸ்அப் குரூப்களில் கைதட்டல். நியாயமான கைதட்டல்தான். ராத்திரி 12 மணிக்குப் போர்வைக்குள் வெளிச்சம் தெரிகிற வீட்டில் இருக்கும் எந்த அம்மாவுக்கும், 'யாராவது இதைப் பிடுங்கிக்கொண்டால் தேவலை' என்றுதான் தோன்றும். ஆனால் இந்தத் தடை நம் ஊர் வீட்டுக்குள் நுழையும்போது என்ன ஆகும் என்பதை யாரும் கேட்கவில்லை.

போன் யாருடையது, விரல் யாருடையது?

கடலூரில் சில்வர் பீச்சுக்குப் போகிறவர்களுக்குத் தேவனாம்பட்டினம் தெரிந்திருக்கும். மீனவர் ஊர். பெரியார் அரசு கலைக் கல்லூரியும் அங்கேதான். இந்த மாதிரி ஊர்களில் ஒரு போனுக்கு ஒரு ஆள் என்கிற கணக்கு செல்லுபடியாகாது. அப்பா கரையில் இருக்கும்போது போன் அவருடையது, மாலையில் பிள்ளைகளுடையது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபோது ஆன்லைன் வகுப்புக்காக வீட்டுக்குள் வந்த போன், 2021-ல் பள்ளி திறந்த பிறகு திரும்பிப் போகவே இல்லை.

இன்னொரு வகைப் போனும் உண்டு. சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கிற அண்ணனோ அக்காவோ புதுப் போன் வாங்கியதும், பழையதை வீட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள். லாகின் மாற்றுவதெல்லாம் நடக்காது. அதே ஜிமெயில், அதே யூடியூப் கணக்கு. அப்போ யூடியூப் பார்வையில் அந்த வீட்டில் ஷார்ட்ஸ் பார்த்துக்கொண்டிருப்பது 27 வயது ஐடி ஊழியர். உண்மையில் பார்ப்பது 7-ம் வகுப்புத் தங்கச்சி. வயது கேட்கிற சட்டம் கணக்கின் வயதைத்தான் கேட்க முடியும். கணக்குக்கு 27 வயது, எல்லாம் சரி, உள்ளே போகலாம்.

ஆஸ்திரேலியாவில் ஆளுக்கொரு போன் இருப்பதால் அங்கே இந்தச் சட்டத்துக்கு ஏதோ ஒரு பிடி இருக்கிறது. இங்கே அந்தப் பிடியே இல்லை.

அது என்ன 13?

இன்ஸ்டாகிராமில் சேர 13 வயது ஆகியிருக்க வேண்டும் என்று இருக்கிறதே, அந்த 13 எந்த மனநல ஆய்விலிருந்தும் வரவில்லை. 1998-ல் அமெரிக்கா போட்ட குழந்தைகள் ஆன்லைன் தனியுரிமைச் சட்டத்திலிருந்து வந்தது. 13 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் தகவலைப் பெற்றோர் அனுமதியில்லாமல் சேகரிக்கக் கூடாது என்றது அந்தச் சட்டம். அனுமதி வாங்குவது செலவு. கம்பெனிகள் சுலபமான வழியைக் கண்டுபிடித்தன. 'உங்களுக்கு 13 ஆகிவிட்டதா?' என்று கேட்பது, பதிலை அப்படியே நம்புவது. உலகம் முழுக்கப் பிள்ளைகள் முதல்முதலாகப் பிறந்த வருஷத்தை மாற்றிப்போடக் கற்றுக்கொண்டது அந்தப் பெட்டியில்தான்.

இந்தியா இன்னும் மேலே போய்விட்டது. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 18 வயது ஆகாத எல்லாரும் குழந்தைதான். அவர்களின் தகவலைக் கையாள, சரிபார்க்கப்பட்ட பெற்றோர் ஒப்புதல் வேண்டும். அவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதும், குறிவைத்து விளம்பரம் காட்டுவதும் கூடாது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வந்துவிட்டன. முக்கியமான கடமைகள் அமலாக 18 மாத அவகாசம், அதாவது 2027 மே.

இதில் பாதி அருமையான சட்டம். குழந்தையைக் கண்காணிக்காதே, அதன் ஆசையைப் படித்து விளம்பரம் விற்காதே என்று கம்பெனியின் கையைக் கட்டும் பாதி அது. மற்ற பாதியில்தான் சிக்கல். பெரியார் கல்லூரியில் முதலாம் ஆண்டு சேருகிற பையனுக்கு 17 வயதாக இருக்கலாம். படிப்பு சம்பந்தமான ஒரு ஆப்பில் சேரக்கூட அவன் அம்மாவின் ஒப்புதல் தேவைப்படலாம். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் எப்போதாவது இணையம் பயன்படுத்தியதாகச் சொன்னவர்கள் ஏறக்குறைய 47 சதவீதம்தான். அந்த எண்ணிக்கை இன்று ஏறியிருக்கும். ஆனாலும் வீட்டில் யார் யாருக்குப் போன் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். ஓடிபி வந்தால் அம்மா பிள்ளையைக் கூப்பிட்டுத்தான் படிக்கச் சொல்கிறார். அந்த ஓடிபி, பிள்ளைக்கு அம்மா தரும் ஒப்புதலுக்கான ஓடிபியாக இருந்தாலும் கதை அதேதான்.

2019-ல் 3 வாரம் நடந்தது

தடை வேலை செய்யுமா என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு ரிகர்சல் நடந்திருக்கிறது. பலருக்கு அது மறந்தே போய்விட்டது.

2019 ஏப்ரல் 3. டிக்டாக்குக்கு எதிரான பொதுநல வழக்கில் மதுரைக் கிளையின் நீதிபதிகள் என்.கிருபாகரன், எஸ்.எஸ்.சுந்தர் அமர்வு ஓர் இடைக்கால உத்தரவு போட்டது. ஆப்பை டவுன்லோடு செய்வதைத் தடை செய்யுங்கள், அதன் வீடியோக்களை டிவியில் காட்டாதீர்கள், அமெரிக்காவில் இருப்பது மாதிரி குழந்தைகள் தனியுரிமைச் சட்டம் கொண்டுவரப் போகிறீர்களா என்று மத்திய அரசு சொல்லட்டும். உச்ச நீதிமன்றம் உடனே தலையிடவில்லை. ஏப்ரல் 17 வாக்கில் கூகுள், ஆப்பிள் இரண்டின் ஸ்டோரிலிருந்தும் டிக்டாக் காணாமல் போனது. ஏப்ரல் 24-ம் தேதி தடை நீங்கியது.

அந்த 3 வாரத்தில் ஏற்கெனவே ஆப் வைத்திருந்த ஒரு பிள்ளைக்குக்கூட எதுவும் மாறவில்லை. போனில் இருந்த ஆப் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. மாறியது கம்பெனி. நாளொன்றுக்கு 5 லட்சம் டாலர் வரை நஷ்டம் என்று நீதிமன்றத்தில் சொன்னது. விதிமீறிய 60 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்திய வீடியோக்களை நீக்கியதாக அறிவித்தது. அந்த வீடியோக்களை நீக்கும் திறமை அந்தக் கம்பெனிக்கு ஏப்ரல் மாதத்தில் திடீரென்று வந்ததா? முன்பே இருந்தது. செய்யவேண்டிய அவசரம்தான் இல்லாமல் இருந்தது.

அடுத்த வருஷம், 2020 ஜூன் 29-ல், தேசியப் பாதுகாப்பைக் காரணம் காட்டி 59 சீன ஆப்களோடு டிக்டாக்கும் போனது. இன்றுவரை திரும்பவில்லை. குழந்தைகள் பத்திரமாகிவிட்டார்களா? ஜூலையிலேயே இன்ஸ்டாகிராம் இந்தியாவில் ரீல்ஸை இறக்கிவிட்டது. அதே பாட்டு, அதே டான்ஸ், அதே கமென்ட்.

அதற்கும் முன்னால் 2015-ல், குழந்தைகளைக் காரணம் சொல்லி 857 ஆபாச இணையதளங்களை முடக்கச் சொன்னது மத்திய அரசு. எதிர்ப்பு கிளம்ப, ஒரு வாரத்துக்குள் பின்வாங்கி, குழந்தைகளை வைத்து எடுக்கப்பட்டவை இல்லாத தளங்களைத் திறந்துவிடலாம் என்றது. எது எப்படி என்று பார்த்துப் பிரிக்கும் வேலை இன்டர்நெட் இணைப்பு தரும் கம்பெனிகளின் தலையில் விழுந்தது. பிரிட்டனில் 2025 ஜூலையில் ஆபாசத் தளங்களுக்கு வயதுச் சரிபார்ப்பு கட்டாயமானதும் முதலில் எகிறியது விபிஎன் டவுன்லோடுதான். இதையெல்லாம் தெரிந்த பிறகும் 'தடை' என்ற சொல்லுக்கு இருக்கிற கவர்ச்சி குறையவில்லை. ஒரு கையெழுத்தில் முடிந்துவிடுகிற வேலை என்பதால் இருக்கலாம்.

வாயைத் திறக்க முடியாத பிள்ளை

தடையால் பயன் இல்லை என்பது ஒரு வாதம். தடையால் கேடு வரும் என்பது இன்னொன்று. பேசவேண்டியது இரண்டாவதைத்தான்.

9-ம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண், தெரியாத ஒரு ஐடியுடன் பேச ஆரம்பிக்கிறாள். ஒரு படம் போகிறது. அடுத்த நாளிலிருந்து மிரட்டல். சைபர் குற்றப் பிரிவு எச்சரிக்கைகளில் மாறி மாறி வரும் கதை இதுதான். இந்த இடத்தில் அவளுக்கு வேண்டியது ஒன்றுதான், யாரிடமாவது சொல்ல முடிகிற தைரியம். இன்றே அது கஷ்டம். சொன்னால் போனைப் பிடுங்குவார்கள், படிப்பை நிறுத்துவார்கள், கல்யாணப் பேச்சுகூட ஆரம்பிக்கலாம். இதற்கு மேல், அவள் கணக்கு வைத்திருந்ததே சட்டப்படி தப்பு என்று ஆகிவிட்டால்? பிள்ளைக்குத் தண்டனை இல்லை என்று சட்டத்தில் எழுதியிருப்பது 14 வயதுப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? மிரட்டுகிறவனுக்கு அது நன்றாகத் தெரியும். 'சொல்லு பாக்கலாம், நீதான் மாட்டுவ' என்பான்.

குற்றவாளியைப் பிடிக்கிற சட்டங்களுக்கு இங்கே பஞ்சம் இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவில் முதல் முறைக்கே 5 வருஷம் வரை சிறை, 10 லட்சம் வரை அபராதம். 2012 போக்சோ சட்டம் இருக்கிறது. 2024 ஜனவரியில், இப்படிப்பட்ட வீடியோவை டவுன்லோடு செய்து தனியாகப் பார்ப்பது மட்டும் குற்றமாகாது என்று சென்னை உயர் நீதிமன்றத் தனி நீதிபதி ஒரு வழக்கை ரத்து செய்தார். அதே ஆண்டு செப்டம்பர் 23-ல் உச்ச நீதிமன்றம் அதைப் புரட்டிப்போட்டது. அழிக்காமலும் புகார் செய்யாமலும் வைத்திருப்பதே குற்றமாகலாம் என்றது. 'குழந்தை ஆபாசப் படம்' என்ற சொல்லையே நீதிமன்றங்கள் விட்டுவிட வேண்டும், இது குழந்தையைச் சுரண்டித் துன்புறுத்தியதன் பதிவு என்றும் சொன்னது. சரியான திருத்தம். 'ஆபாசப் படம்' என்றால் ஏதோ நடித்தது மாதிரி இருக்கிறது.

அந்தத் தீர்ப்பில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி உண்டு. இன்று அமெரிக்கக் கம்பெனிகள் இப்படிப்பட்ட படத்தைக் கண்டால் அங்குள்ள என்சிஎம்இசி என்ற அமைப்புக்குச் சொல்ல வேண்டும், அது அமெரிக்கச் சட்டம். 2019-ல் போட்ட ஒப்பந்தப்படி அந்த அமைப்பு நம் தேசிய குற்ற ஆவணக் காப்பகத்துக்குத் தகவல் அனுப்புகிறது. அங்கிருந்து மாநிலப் போலீஸ். 2019 டிசம்பரில் திருச்சியில் ஒருவர் கைதானபோது தமிழ்நாட்டுக்கே இந்த வழி இருப்பது தெரியவந்தது. ஆக, பக்கத்துத் தெருவில் நடக்கிற குற்றம் கலிஃபோர்னியா, வர்ஜீனியா, டெல்லி, சென்னை என்று சுற்றிவிட்டுத்தான் கடலூருக்கு வருகிறது. உச்ச நீதிமன்றம் சொன்னது, அமெரிக்காவுக்குச் சொன்னால் போதாது, போக்சோ சட்டப்படி இங்கேயும் நேரடியாகச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் 'நாங்கள் வெறும் தளம்தான்' என்ற 79-வது பிரிவுப் பாதுகாப்பு கிடைக்காது. எந்தக் கம்பெனி எத்தனை முறை அப்படிச் சொன்னது என்ற கணக்கை மாதாமாதம் மத்திய அரசு வெளியிட்டால், 16 வயதுத் தடையைவிட அது அதிகம் வேலை செய்யும்.

வலையைப் பற்றித் தெரிந்த ஊர்

கட்டுப்பாடே வேண்டாம், எல்லாம் சுதந்திரம் என்று சொல்லிவிடலாமா? அதுவும் கம்பெனிகளுக்குத்தான் வசதி. எப்படிக் கட்டுப்படுத்துவது என்பதில் தேவனாம்பட்டினத்துக்கே ஓர் அனுபவம் உண்டு.

சுருக்குமடி வலையைத் தமிழ்நாடு அரசு 2000-ம் ஆண்டிலேயே தடை செய்தது. மீன் கூட்டத்தையே சுற்றி வளைத்து அள்ளும் வலை அது, குஞ்சு மீன்கூடத் தப்பாது என்பது சிறு மீனவர்களின் புகார். தடை காகிதத்தில் இருந்தது, வலை கடலில் இருந்தது. பல வருஷம் கழித்து அரசு கெடுபிடி காட்டத் தொடங்கியதும் கடலூர் மாவட்டக் கடலோரம் கொதித்தது. தடையை நீக்கக் கேட்டுப் போராடிய ஊர்களில் தேவனாம்பட்டினமும் ஒன்று. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2023 ஜனவரி 24-ல் வந்த இடைக்கால உத்தரவு இப்படி: 12 கடல் மைலுக்கு அப்பால் மட்டும், திங்கள், வியாழன் இரண்டு நாள் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை மட்டும், பதிவு செய்த படகுகள் மட்டும், படகில் கண்காணிப்புக் கருவி கட்டாயம்.

அந்த உத்தரவு சரியா தப்பா என்று கடற்கரையில் இன்னும் சண்டை ஓயவில்லை. அது வேறு கதை. இங்கே பார்க்கவேண்டியது அதன் வடிவம். வலை, படகு, தூரம், நேரம் என்று எண்ணிப் பார்க்கக்கூடிய விஷயங்களின் மேல் விதி உட்கார்ந்திருக்கிறது. மீனிடம் யாரும் வயதுச் சான்றிதழ் கேட்கவில்லை.

இணையத்துக்கும் அப்படி விதி போட முடியும். தெரியாத ஆள் மெசேஜ் அனுப்ப முடியாது என்பதே எல்லாக் கணக்குக்கும் ஆரம்ப நிலையாக இருக்கட்டும். வேண்டும் என்கிறவர் திறந்துகொள்ளட்டும். ஒரு வீடியோ முடிந்ததும் அடுத்தது தானாக ஓடுவது, ராத்திரியில் நோட்டிபிகேஷன் வருவது, 'உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்' என்று முன்பின் தெரியாத ஆளைக் காட்டுவது, எல்லாமே முதலில் ஆஃப். இன்ஸ்டாகிராம் தன் டீன் அக்கவுன்ட்டில் இதில் பலவற்றை ஏற்கெனவே செய்கிறது, இந்தியாவுக்கு 2025 பிப்ரவரியில் அது வந்தது. ஆனால் பிறந்த வருஷத்தை உண்மையாகச் சொன்ன பிள்ளைக்கு மட்டும்தான் அது கிடைக்கும். பொய் சொன்ன பிள்ளைக்கும், அண்ணன் லாகினில் இருக்கிற பிள்ளைக்கும் கிடைக்காது. எல்லாருக்கும் ஆரம்ப நிலையாக்கிவிட்டால் யாருடைய வயதையும் கேட்கவேண்டியதில்லை. ஆதாரும் வேண்டாம், முகத்தை ஸ்கேன் செய்யவும் வேண்டாம். தளங்களின் பார்வை நேரம் குறையும், வருமானமும் குறையும். கம்பெனிகள் எதிர்க்கும் என்றால் அதற்காகத்தான் எதிர்க்கும்.

ஆதார் வேண்டாம் என்பது சின்ன விஷயமில்லை. 15 வயதுப் பிள்ளை உள்ளே வரக் கூடாது என்றால் 35 வயதுக்காரரும் தன் வயதை நிரூபித்தே ஆக வேண்டும். அப்போ யார் எந்தக் கணக்கில் என்ன எழுதுகிறார் என்ற பட்டியல் எங்கோ ஓர் இடத்தில் தயாராகிவிடும். அந்தப் பட்டியல் என்ன செய்யும் என்று கடலூர்க்காரர்கள் பக்கத்து ஊரைக் கேட்கலாம். 2012-ல், அப்போதைய மத்திய நிதி அமைச்சரின் மகனைப் பற்றி ட்வீட் போட்டதற்காகப் புதுச்சேரியில் ஒரு சிறு தொழிலதிபர் 66ஏ பிரிவில் கைதானார். அந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் ரத்து செய்ய 2015 மார்ச் வரை ஆனது. குழந்தைகளுக்காகக் கட்டுகிற கதவு பெரியவர்களுக்கும் பூட்டாக மாறாது என்று இப்போதைக்கு யாரும் உத்தரவாதம் தரவில்லை.

மாநில அரசு டெல்லிக்காகக் காத்திருக்கவும் தேவையில்லை. பள்ளியில் பிள்ளை முதலில் சொல்கிற ஆள் பெரும்பாலும் ஒரு டீச்சர்தான். போக்சோவில் குற்றம் தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே தண்டனைக்குரியது என்று எத்தனை ஆசிரியர்களுக்குத் தெரியும்? தெரிந்தாலும், 'ஸ்கூல் பேர் கெட்டுடும்' என்று ஹெட்மாஸ்டர் அறையில் பஞ்சாயத்து முடிகிற வழக்கம் போகவில்லை. மாவட்டந்தோறும் சைபர் கிரைம் காவல் நிலையம் வந்துவிட்டது. அங்கே போகிற 14 வயதுப் பெண்ணிடம் யூனிபார்ம் போடாத ஒரு பெண் அதிகாரி உட்கார்ந்து பேசுகிறாரா, 'நீ ஏம்மா அனுப்புன?' என்பது முதல் கேள்வியாக இருக்கிறதா என்பதில்தான் அடுத்த பிள்ளை வருவதும் வராததும் இருக்கிறது.

2027 மே மாதத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் ஒரு வேலை. உங்கள் பழைய போன் ஊரில் யார் கையில், எந்த லாகினில் இருக்கிறது என்று இந்த வாரம் கேட்டுவிடுங்கள். உங்கள் கணக்கை எடுத்துவிட்டு, பிள்ளைக்கு அதன் உண்மையான வயதிலேயே ஒன்று தொடங்கிக் கொடுங்கள். ஏற்கெனவே ஏதாவது நடந்திருந்தால் சாட்டை அழிக்க வேண்டாம், அதுதான் சாட்சி. மிரட்டுகிறவனுக்குப் பணமும் அனுப்ப வேண்டாம். 1098 குழந்தைகளுக்கான எண், பணம் போயிருந்தால் 1930. தேசிய சைபர் குற்றப் புகார் போர்ட்டலில் இந்த வகைக் குற்றத்துக்குப் பெயர் சொல்லாமலேயே புகார் பதியலாம். படம் வெளியே போய்விடுமோ என்ற பயம் இருந்தால், என்சிஎம்இசி நடத்தும் 'டேக் இட் டவுன்' என்ற இலவச வசதி இருக்கிறது. அது படத்தை வாங்குவதில்லை, போனிலேயே அதற்கு ஒரு டிஜிட்டல் கைரேகை எடுத்து, அதை மட்டும் தளங்களுக்குக் கொடுத்துத் தடுக்கச் சொல்கிறது. படம் அந்தப் பெண்ணின் போனை விட்டு நகராது.